ஒரு வாத்தியம் போதாதா? இசை வாத்தியார் ஆவதற்காகப் பல கருவிகளைக் கற்ற சாம்பமூர்த்தியின் கதை

டிசம்பர் வந்தால் போதும், ராயப்பேட்டை டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமி வாசலில் டிக்கெட் கூட்டமும் கேன்டீன் கூட்டமும் ஒண்ணா கலந்து நிற்கும். அங்கே மேடை ஏறும் பல கலைஞர்களின் அறிமுகக் குறிப்பில் ஒரு வரி இருக்கும். இசையில் பி.ஏ., எம்.ஏ., சிலருக்கு முனைவர் பட்டமும் உண்டு.

இன்னைக்கு இது சாதாரண விஷயம். ஆனா நூறு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு வரியை யாரும் எழுதியிருக்க முடியாது. கர்னாடக சங்கீதத்தைக் காலேஜில் படிக்கலாம் என்ற எண்ணமே அப்போது புதுசு. குரு வீட்டில் பல வருஷம் தங்கி, அவர் பாடப் பாடக் கேட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் வழி.

அந்தப் பாட்டை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி. கச்சேரிகளுக்காகப் பேசப்பட்டவர் இல்லை. வாத்தியாராக இருந்தே பெயர் வாங்கியவர். அந்த வேலைக்கு அவர் தன்னைத் தயார் செய்துகொண்ட விதம்தான் சுவாரஸ்யம். பாட்டு, வயலின் என்று தொடங்கி, கடல் தாண்டிப் போய் மேற்கத்திய வயலின், புல்லாங்குழல் என்று தேடித் தேடிக் கற்றார்.

ஒருவர் சொல்லிக்கொடுக்க எதற்கு இத்தனை கருவிகள்? பார்க்கலாம்.

யார் இந்த சாம்பமூர்த்தி?

1901 பிப்ரவரி 14 அன்று பிட்ரகுண்டாவில் பிறந்தார். இப்போது ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில் இருக்கும் ரயில்வே ஊர் அது. அப்போது எல்லாமே ஒரே மதராஸ் மாகாணம்.

சென்னையில் படித்து பி.ஏ. வாங்கினார். அதற்கு மேல் சட்டமும் முடித்தார். அவருடைய பழைய புத்தகங்களின் முகப்பில் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். என்று போட்டிருக்கும். அந்தக் காலத்தில் பி.எல். கையில் இருந்தால் ஹைகோர்ட் பக்கம் போய் நல்லபடியாக செட்டில் ஆகியிருக்கலாம். அவர் போகவில்லை. வாய்ப்பாட்டும் வயலினும் கற்றிருந்தவர், இசையையே தொழிலாக எடுத்துக்கொண்டார்.

1928-ல் ராணி மேரி கல்லூரியில் இசை விரிவுரையாளர் ஆனார். மெரினா கடற்கரை எதிரே இருக்கும் அதே கல்லூரிதான். 1914-ல் தொடங்கப்பட்ட, சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி.

1928 ஏன் முக்கியமான வருஷம்?

அதற்கு முந்தைய டிசம்பரில், 1927-ல், சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதோடு சேர்த்து ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928 ஆகஸ்டில் மியூசிக் அகாடமி பிறந்தது. 1931-ல் அகாடமி ஒரு கல்லூரி தொடங்கியது. பெயரிலேயே நோக்கம் இருந்தது: இசை ஆசிரியர் கல்லூரி. பாடகர்களை உருவாக்குவதற்கு முன்னால், சொல்லித்தர ஆட்களை உருவாக்க வேண்டும் என்று அன்றைய ஆட்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். அடுத்த சில வருஷங்களில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இசைப் படிப்பு வந்தது.

அப்போ ஒரு பெரிய சிக்கல் எழுந்தது. குரு வீட்டில் ஒரு சிஷ்யருக்கு ஒரு குரு. குரு வீணை என்றால் சிஷ்யரும் வீணை. வகுப்பறை அப்படி இல்லை. ஒருவர் பாட்டு, இன்னொருவர் வீணை, மூன்றாமவர் வயலின். எல்லோருக்கும் ஒரே ராகத்தை, ஒரே மணி நேரத்தில், பரீட்சைக்குத் தகுந்த மாதிரி சொல்லித்தர வேண்டும். இது பாடகர் செய்யும் வேலையிலிருந்து ரொம்பவே வேறுபட்ட வேலை.

ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு பாடம்

இதைப் புரிஞ்சுக்க கருவிகளைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கணும்.

வீணையில் 24 மெட்டுகள். ஒரு ஸ்தாயிக்கு 12 ஸ்வர ஸ்தானங்கள், இரண்டு ஸ்தாயிக்கு 24. சுத்த ரிஷபம் எங்கே, சதுஸ்ருதி ரிஷபம் எங்கே என்று கண்ணாலேயே காட்டலாம். மேளகர்த்தா ராகங்களின் கணக்கைப் புரியவைக்க இதைவிட நல்ல கரும்பலகை கிடையாது. அதே வீணையில் ஒரு மெட்டின் மேல் கம்பியை இழுத்தால் ஸ்வரம் மேலே போகும். கமகம் என்றால் என்ன என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

வயலினில் மெட்டே இல்லை. விரல் ஒரு நூலளவு தள்ளிப் போனாலும் ஸ்ருதி விலகிடும். காது சரியாகத் தயாராகாமல் வயலின் வராது. அதனால் வயலின் கற்பவர் கூடவே கேட்கவும் கற்கிறார்.

புல்லாங்குழல் மூச்சைக் கற்றுத்தரும். ஒரு சங்கதியை எங்கே நிறுத்தி எங்கே தொடர வேண்டும் என்பது பாடகருக்கும் குழல்காரருக்கும் ஒரே பிரச்சினை. மிருதங்கம் தெரிந்தால் ஒரு கீர்த்தனை தாளத்தில் எந்த இடத்தில் எடுக்கிறது, ஏன் அங்கே எடுக்கிறது என்பது பிடிபடும்.

தம்புராவை வாசிப்பது சுலபம் என்று நினைப்போம். நாலு தந்தியை மீட்டினால் முடிந்தது. ஆனா அதைச் சுத்தமாக ஸ்ருதி சேர்ப்பது தனி வித்தை. அதைச் செய்யத் தெரியாதவர் வகுப்பை ஆரம்பிக்கவே முடியாது.

ஒரு மாணவருக்கு ஒரு பிடி வரவில்லை என்றால் காரணம் பாட்டிலும் இருக்கலாம், கருவியிலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் வாத்தியார் சரியான இடத்தில் திருத்த முடியும். பல வாத்தியங்கள் தெரிந்திருப்பதன் பலன் இங்கேதான் வருகிறது. எல்லாவற்றிலும் வித்வான் ஆக வேண்டியதில்லை. கையில் எடுத்து, எது எங்கே கஷ்டம் என்று உணர்ந்திருந்தால் போதும்.

எழும்பூர் மியூசியத்தில் ஒரு வேலை

சாம்பமூர்த்தி இதில் வாசிப்பதோடு நிற்கவில்லை. எழும்பூரில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் இசைக்கருவிகளின் சேகரிப்பு ஒன்று உண்டு. அந்தக் கருவிகளுக்கான விவரப் பட்டியலை எழுதியவர் இவர்தான். 1931-ல் அது அருங்காட்சியக வெளியீடாக வந்தது.

பட்டியல் என்றால் பெயரை மட்டும் வரிசையாக எழுதுவதில்லை. எந்த மரம், எந்தத் தோல், எப்படி ஒலி வருகிறது, எந்த வகையில் சேர்ப்பது என்று யோசிக்க வேண்டும்.

இந்த வகைப்பாட்டுக்குள்ளேயே ஒரு கதை இருக்கு. தமிழ் மரபில் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று கருவிகளைப் பிரிப்பார்கள். பறை தோற்கருவி, குழல் துளைக்கருவி, யாழ் நரம்புக்கருவி, தாளம் கஞ்சக்கருவி. பரதரின் நாட்டிய சாஸ்திரத்திலும் இதே மாதிரி நாலு வகை உண்டு.

1870களில் வங்காளத்தைச் சேர்ந்த சௌரீந்திர மோகன் தாகூர், பெல்ஜியம் அரசருக்கு இந்திய இசைக்கருவிகளின் தொகுப்பு ஒன்றை அனுப்பினார். பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தின் காப்பாளர் மஹியோன் அந்த நாலு வகையைப் பார்த்து, தன் பட்டியலையே அப்படி அமைத்தார். அதை அடிப்படையாக வைத்து 1914-ல் ஹோர்ன்போஸ்டல், சாக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெர்லினில் ஒரு முறையை உருவாக்கினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க இசைக்கருவி ஆய்வில் அடிப்படையாக இருப்பது அதுதான்.

அந்த ஆய்வு வளர்ந்த ஜெர்மனிக்குத்தான் அடுத்து சாம்பமூர்த்தி போனார்.

மியூனிக்கில் மறுபடியும் மாணவர்

1931. வயசு 30. கையில் காலேஜ் வேலை இருக்கிறது. அந்த நேரத்தில் மறுபடியும் மாணவராக ஜெர்மனிக்குக் கிளம்பினார். மியூனிக் நகரில் டாய்ச்சே அகாடமி என்ற அமைப்பு 1920களின் கடைசியிலிருந்தே இந்திய மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துவந்தது. சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான கோத்தே இன்ஸ்டிடியூட், போருக்குப் பிறகு 1951-ல் அந்த அமைப்பின் தொடர்ச்சியாக வந்ததுதான்.

அங்கே மேற்கத்திய இசைக் கோட்பாடு, வயலின், புல்லாங்குழல், ஒப்பீட்டு இசையியல் என்று படித்தார்.

ஏற்கெனவே வயலின் தெரிந்தவர் எதற்கு மறுபடியும் வயலின் கற்க வேண்டும்?

ஏன்னா அது வேற வயலின். மரமும் தந்தியும் ஒன்றுதான். பிடிப்பது வேறு, ஸ்ருதி சேர்ப்பது வேறு, வில் போடுவது வேறு. மேற்கத்திய வயலின்காரர் கருவியைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே பிடித்து வாசிப்பார். நம்ம ஊர் வித்வான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் காலில், கணுக்கால் பக்கம் ஊன்றிக்கொள்வார்.

இந்தச் சின்ன வித்தியாசத்தில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கு. கருவியின் எடையைக் காலும் மார்பும் தாங்குவதால் இடது கைக்குத் தாங்கும் வேலை இல்லை. தந்தி மேல் நீளமாக வழுக்கிப் போகலாம். தோடியின் கமகங்கள் அப்படித்தான் வயலினில் வருகின்றன. இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்தவருக்கு, இந்த உட்காரும் முறை வெறும் பழக்கம் இல்லை, இசையின் தேவை என்று கையிலேயே புரியும்.

புல்லாங்குழலும் அப்படித்தான். இன்றைய மேற்கத்திய குழலின் சாவி அமைப்பை உருவாக்கிய தியோபால்ட் போம், மியூனிக்காரர். 1832-லும் 1847-லும் அவர் செய்த மாற்றங்கள்தான் இன்றுவரை அந்தக் கருவியின் அடிப்படை. உலோகச் சாவியை அழுத்தினால் துளை முழுசாக மூடும். ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாக, தனித்தனியாக வரும்.

நம்ம மூங்கில் குழலில் சாவி கிடையாது. விரல் நேராகத் துளை மேல் இருக்கும். பாதி மூடலாம், கால்வாசி திறக்கலாம், மெதுவாக உருட்டலாம். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வளைந்து போவதற்கு அந்த அரைகுறைத் திறப்புதான் வழி. அங்கே வசதியாக இருக்கும் சாவி, இங்கே தடையாகிடும்.

எந்தக் கருவி உயர்ந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு இசையும் தனக்கு வேண்டியபடி கருவியை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். இதை மாணவருக்குப் புரியவைக்க, இரண்டு பக்கமும் போய்வந்த ஒருவர் வேண்டும். சாம்பமூர்த்தி அப்படி ஒருவராகத் திரும்பினார். மேற்கத்திய இசையின் அடிப்படைகளை இந்திய இசை மாணவர்களுக்காகவே விளக்கி ஒரு புத்தகமும் பின்னாளில் எழுதினார்.

திரும்பி வந்து என்ன செய்தார்?

மறுபடியும் ராணி மேரி கல்லூரி. 1937-ல் சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைமை. 1961 வரை அங்கேதான். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு.

வகுப்பு நடத்தினால் போதாது, புத்தகம் வேண்டுமே. அதையும் அவரே எழுதினார். தென்னிந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் மட்டும் ஆறு பாகங்கள். தமிழில் ஆரம்பப் பாடங்களுக்கு கர்நாடக சங்கீத புஸ்தகம். புல்லாங்குழலுக்குத் தனி நூல், ஸ்ருதி வாத்தியங்களுக்குத் தனி நூல், லய வாத்தியங்களுக்குத் தனி நூல். இசையை எப்படிக் கற்பிப்பது என்பதற்கே ஒரு முழுப் புத்தகம்.

இவற்றில் பலவற்றை ஜார்ஜ் டவுன் பந்தர் தெருவில் இருந்த இந்தியன் மியூசிக் பப்ளிஷிங் ஹவுஸ் வெளியிட்டது. இசை படித்தவர்கள் வீட்டில் இன்னைக்கும் பழுப்பேறிய ஒரு பிரதியாவது கிடைக்கும்.

ரிட்டயர் ஆன பிறகும் கருவிகளை விடவில்லை. அகில இந்திய கைவினைப் பொருள் வாரியம் 1956-ல் சென்னையில் சங்கீத வாத்யாலயா என்ற மையத்தைத் தொடங்கியிருந்தது. இசைக்கருவிகளைச் செய்வது, சீர்படுத்துவது, மேம்படுத்துவது பற்றிய ஆய்வுக்கான இடம். 1961 முதல் 1964 வரை அதற்கு இயக்குநராக இருந்தார். பிறகு திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் இசையியல் பேராசிரியர்.

யாருக்குக் கதவு திறந்தது?

இந்தக் கதையில் உண்மையில் யாருக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் பலன் பெண்களுக்கு. 1920களில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் குரு வீட்டில் போய் வருஷக்கணக்கில் தங்குவதை வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மேடையில் பாடுவதற்கும் தடை. ஆனா காலேஜுக்குப் போகலாம். அங்கே இசை ஒரு பாடம் என்றால் அதையும் எடுக்கலாம். படித்து முடித்தால் பள்ளியில் இசை டீச்சர் வேலை. பாட்டு கற்ற பெண்ணுக்கு மாதச் சம்பளம் கிடைக்க அது ஒரு வழியானது.

இன்னொரு பக்கமும் உண்டு. பல வாத்தியம் கற்று, அதைச் சொல்லித்தரும் பழக்கத்தை சாம்பமூர்த்தி கண்டுபிடிக்கவில்லை. தஞ்சாவூர் நட்டுவனார் குடும்பங்களில் அது தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம். பாட்டு, தாளம், நடனம், கருவி எல்லாம் தெரிந்தால்தான் அங்கே ஆசான். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வயலினைக் கையில் எடுத்தவர். 1834-ல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார்.

இசை காலேஜுக்குள் வந்தபோது, அந்தப் பரம்பரைக் குடும்பங்கள் அதே வேகத்தில் உள்ளே வரவில்லை. உள்ளே போக மெட்ரிகுலேஷன் வேண்டும், பாடங்களைப் படிக்க ஆங்கிலம் வேண்டும். தலைமுறை அறிவு இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் வெளியே நிற்க, சான்றிதழ் வாங்க வசதி இருந்தவர்கள் உள்ளே போனார்கள். இது ஒரு தனி மனிதரின் தவறு என்று சொல்ல முடியாது. ஆனா இந்த மாற்றத்தின் விலையில் இதுவும் சேர்த்தி.

மூன்றாவது, இன்னும் முடியாத ஒரு விவாதம். காலேஜ் படிப்பு பட்டதாரிகளை உருவாக்குமா, கலைஞர்களை உருவாக்குமா? ஸ்வரத்தைப் பேப்பரில் எழுதலாம், கமகத்தை முழுசாக எழுத முடியாது. ராக ஆலாபனைக்கு மாடல் கொஸ்டின் பேப்பர் கிடையாது. பட்டம் வாங்கிய பிறகும் பலர் ஒரு குருவைத் தேடிப் போவது இன்னைக்கும் நடக்கிறது.

கடைசி நாட்கள்

1963-ல் சங்கீத நாடக அகாடமியின் ஃபெலோஷிப். 1971-ல் பத்ம பூஷண். 1972-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. பெரும்பாலும் கச்சேரி வித்வான்களுக்கே போகும் அந்தப் பட்டம் இந்த முறை ஒரு வாத்தியாருக்குக் கிடைத்தது.

அவருடைய பெரிய கனவுகளில் ஒன்று, தென்னிந்திய இசைக்கும் இசைக்கலைஞர்களுக்கும் ஓர் அகராதி. முதல் தொகுதி 1952-ல் வந்தது, இரண்டாவது 1959-ல், மூன்றாவது 1971-ல். ஆங்கில அகரவரிசையில் எழுதிக்கொண்டே போனவர், 'என்' எழுத்து வரை வந்திருந்தார். 1973 அக்டோபர் 23 அன்று காலமானார்.

இன்னைக்கு மியூசிக் டீச்சர் ஆக நினைப்பவர்களுக்கு?

வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் கிதார் கிளாஸ், ஆன்லைனில் கீபோர்டு என்று கற்பவர்கள் இப்போ நிறைய பேர். அதில் சிலருக்கு நாமும் சொல்லித்தரலாமே என்ற ஆசை வருகிறது. அவர்களுக்கு சாம்பமூர்த்தியின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள நாலு விஷயம் உண்டு.

ஒன்று, வரிசை. அவர் முதலில் வாய்ப்பாட்டிலும் ஒரு கருவியிலும் காலூன்றினார். பிறகுதான் மற்றவை. நாலு கருவியை ஒரே நேரத்தில் தொட்டால் நாலும் அரைகுறையாக நிற்கும்.

இரண்டு, தேர்வு. இரண்டாவது கருவி, முதல் கருவி கற்றுத்தராத எதையாவது கற்றுத்தர வேண்டும். கீபோர்டு வாசிப்பவருக்கு ஸ்வரம் எங்கே இருக்கிறது என்பது தெரியும், ஆனா ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வளைந்து போக அதில் வழி குறைவு. இதே குறையைச் சொல்லித்தான் ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-லிருந்து சுமார் 30 வருஷம் ஒதுக்கி வைத்தது. கீபோர்டுகாரர் கொஞ்சம் வயலினோ வாய்ப்பாட்டோ கற்றால் அந்த இடைவெளி நிரம்பும். கிதார்காரருக்குத் தாளக் கருவி ஒன்று உதவும்.

மூன்று, அளவு. இரண்டாவது, மூன்றாவது கருவிகளில் கச்சேரி செய்யும் தரம் தேவையில்லை. ஸ்ருதி சேர்க்க, ஆரம்பப் பாடங்களை வாசிக்க, மாணவரின் கை எங்கே தப்புகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும்.

நான்கு, நேரம். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் கழித்து, 30 வயசில், அவர் மறுபடியும் மாணவர் பெஞ்சில் உட்கார்ந்தார். முன்னமே தெரிந்த வயலினையே வேறு ஒரு முறையில் முதல் பாடத்திலிருந்து எடுத்தார். சொல்லித்தர ஆரம்பித்த பிறகு கற்பதை நிறுத்த வேண்டியதில்லை. எழும்பூர் பக்கம் போனால் அருங்காட்சியகத்தின் இசைக்கருவிகளை ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம். பாட்டு கற்பவர்களுக்கு அங்கே ஒரு மணி நேரம் நல்ல பாடமாக இருக்கும்.